வாசலில் நின்று எண்ணிய தலைகள்

வாசகரே, உங்களைச் சாட்சியாக அழைக்கிறேன். தீர்ப்புச் சொல்லும் சிரமம் உங்களுக்கு வேண்டாம். அது எப்போதோ எழுதப்பட்டு முத்திரையும் குத்தப்பட்டுவிட்டது. நீங்கள் அமர்ந்து கேட்டால் போதும்.

நான் மேடைக்குப் பழகியவன். அரியலூரிலும் பெரம்பலூரிலும் நடந்த பேச்சுப் போட்டிகளிலிருந்து வெறுங்கையோடு திரும்பிய நாட்கள் எனக்குக் குறைவு. இதைப் பெருமையாகவே சொல்கிறேன். பேச்சாளனுக்குப் பணிவு முன்னுரையில் மட்டும் இருந்தால் போதும் என்பது என் கொள்கை. ஆனால் இங்கே சொல்லப்போவதை நான் எந்தப் போட்டியிலும் வாதமாக வைத்ததில்லை, ஏனெனில் இதற்கு எதிரணி கிடையாது. நடந்ததை அன்றும் யாரும் மறுக்கவில்லை, இன்றும் மறுக்கமாட்டார்கள். என் கசப்பெல்லாம் அதில்தான்.

எண்பதுகளின் தொடக்கம். செந்துறையிலிருந்து அரியலூர் போகும் சாலையில், முந்திரித் தோப்புகளை ஒட்டி நின்றது எங்கள் உயர்நிலைப் பள்ளி. நடத்தியவர் ஊரின் பெரிய நிலக்காரர். அவரைத் தாளாளர் என்போம். ஆசிரியர்களுக்குச் சம்பளம் அரசாங்கம் கொடுத்தது. நான் பத்தாம் வகுப்பு. என் தம்பி எட்டாம் வகுப்பு ‘பி’ பிரிவு.

மாசி பிறந்து வெயில் ஏறினால் எங்கள் பக்கத்தில் அம்மை வரும். அந்த ஆண்டு எட்டாம் வகுப்பில் புகுந்து, பெஞ்சு பெஞ்சாகப் பிள்ளைகளைப் படுக்கவைத்தது. இதற்குப் பள்ளியில் ஒரு விதி இருந்தது. நல்ல விதி என்றே சொல்வேன். வேப்பிலை போட்டு வெயிலில் சூடேறிய நீரை வீட்டில் மூன்று முறை, நாள் விட்டு நாள், தலைக்கு ஊற்றுவார்களே, அந்த மூன்றாம் தண்ணீர் ஊற்றி, பொருக்கெல்லாம் உதிர்ந்த பிறகே பிள்ளை வகுப்புக்கு வரலாம். தலைமையாசிரியர் இதை ஒவ்வொரு ஆண்டும் காலை வணக்கத்தில் அறிவிப்பார். “தொற்று என்பது தீ. ஒரு கூரையில் பிடித்தால் ஊரையே கேட்கும்” என்று அவர் கையை உயர்த்தும்போது, மேடையின் நுணுக்கம் தெரிந்தவன் என்ற முறையில் நான் தலையசைத்து ரசித்திருக்கிறேன்.

என் தம்பியும் படுத்தான். எனக்குக் குழந்தைப் பருவத்திலேயே வந்து போயிருந்ததால் நான் மட்டும் பள்ளிக்குப் போய்வந்தேன்.

‘பி’ பிரிவுக்கு வகுப்பாசிரியை ஒரு கணக்கு டீச்சர். வாலிகண்டபுரத்துக்காரர். பால்குடி மறந்த குழந்தையைத் தாயாரிடம் விட்டுவிட்டு, அரியலூரில் ஓர் அறை எடுத்துத் தங்கி, தினமும் பஸ்ஸில் வந்து போனார். வேலையில் சேர்ந்து ஓராண்டு ஆகியும் அவருக்கு அரசாங்கச் சம்பளம் வரத் தொடங்கவில்லை. கல்வி அலுவலகம் அவருடைய நியமனத்தை ஒப்புக்கொண்ட பிறகுதான் அது வரும். அதுவரை வேலை உண்டு என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. என் மேடைப் புகழ் அவரிடம் எடுபடவில்லை. எங்கள் வகுப்புக்கும் அவரே கணக்கு எடுத்தார். “என்னடா மைக்கு, தமிழ்ல முழங்குற, அல்ஜிப்ரான்னா மட்டும் ஏன் முனகுற?” என்பார். வகுப்பு சிரிக்கும். எனக்கு அவர்மேல் கோபம் இருந்தது. அந்த அளவுக்கு மதிப்பும் இருந்தது.

இந்த நிலையில்தான் மாவட்டக் கல்வி அதிகாரி ஆய்வுக்கு வருகிறார் என்ற செய்தி வந்தது. வரவேற்புரை என்னுடையது. அது யாருக்கும் சந்தேகமில்லாத விஷயம். ஆய்வுக்கு முதல்நாள் மாலை, தலைமையாசிரியர் அறையில் நின்று நான் உரையை ஒப்பித்துக்கொண்டிருந்தபோது டீச்சரை உள்ளே அழைத்தார்கள்.

“பி செக்‌ஷன்ல பாதி பெஞ்சு காலியா கெடக்கு டீச்சர். நாளைக்கு அவரு தலைய எண்ணுவாரு. கொறஞ்சிதுன்னா ஏ-வோட சேத்துடுவாங்க. சேத்தா ஒரு வாத்தியாரு அதிகம். கடைசியா சேந்தவங்கதான் வெளிய போவணும். கடைசியா சேந்தது யாரு?”

“நான்தான் சார்.”

“அப்ப பிள்ளைங்கள யாரு கூட்டியாரணும்?”

“சார், அம்மை போட்ட பிள்ளைங்க. தண்ணிகூட ஊத்தலயே.”

“ஒரு மணி நேரம் ஒக்காந்துட்டுப் போவட்டும். பாடம் படிக்கவா சொல்றேன்? புள்ளி வேணும் டீச்சர், புள்ளி. ஒங்க நன்மைக்குத்தான் சொல்றேன்.” பிறகு என் பக்கம் திரும்பினார். “நீ ஏன்டா நிறுத்திட்ட? ‘பெருமதிப்பிற்குரிய’லேருந்து சொல்லு.”

அன்று மாலை டீச்சர் எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தார். அதற்குமுன் ‘பி’ பிரிவுப் பிள்ளைகள் சிலருடைய வீட்டில் கேட்டுவிட்டு வந்திருந்தார். நிலைப்படியில் வேப்பிலைக் கொத்து செருகியிருந்தது. அம்மை இருக்கும் வீட்டில் வெளியாள் நுழையக்கூடாது. என் தாய் நிலைக்கு உள்ளே நின்றார், டீச்சர் தெருவில் நின்றார்.

“முடியாது டீச்சரம்மா. இன்னும் ரெண்டாம் தண்ணியே ஊத்தல. வூட்டத் தாண்டக்கூடாது. ஆத்தா கோவிச்சுக்குவா.”

“ஒரு மணி நேரம்தாங்க அக்கா. நானே கூட்டிட்டுப் போயி நானே கொண்டாந்து விட்டுடறேன்.”

“எதுக்குங்க இம்மாம் அவசரம்?”

டீச்சர் சொன்னார். எதையும் மறைக்காமல் சொன்னார். நாளைக்கு எண்ணிக்கை குறைந்தால் வேலை போய்விடும், குழந்தையை அழைத்து வந்து வைத்துக்கொள்ள இனி வரப்போகும் சம்பளத்தைத்தான் நம்பியிருக்கிறேன் என்றார். சொல்லும்போது முந்தானையை வாயில் வைத்து அடைத்துக்கொண்டார். நான் குறுக்கிட்டேன். “டீச்சர், பொருக்கு உதிராம வரக்கூடாதுன்னுதானே விதி?”

“விதிய எனக்குச் சொல்லாதடா மைக்கு. போயி ஹெட்மாஸ்டர்ட்ட சொல்லு.”

என் தாய் உள்ளே படுத்திருந்த தம்பியைத் திரும்பிப் பார்த்தார். “பொம்பள அழுதா ஆத்தா பொறுத்துக்குவா,” என்றார். உடனே ஒரு கேள்வியும் கேட்டார். “டீச்சரம்மா, ஒங்களுக்குச் சின்னதுல போட்டிருக்கா?”

“இல்லீங்க.”

“அப்ப அவனத் தொடாதீங்க. தள்ளியே நில்லுங்க.”

மறுநாள் விடிந்ததும் முதல் வேலையாகத் தலைமையாசிரியரிடம் போய்ச் சொன்னேன். அவருடைய விதியையே, அவருடைய உவமையோடு எடுத்துச் சொன்னேன். அவர் கோபிக்கவில்லை, சிரித்தார். “ஒன்னப் பேசறதுக்குத்தான்டா வச்சிருக்கோம். கேள்வி கேக்கறதுக்கு இல்ல.”

பிள்ளைகள் வந்தார்கள். அப்பன் தோளிலும் சைக்கிளிலும் சிலர் வந்தார்கள்; என் தம்பி போர்வையோடு நடந்து வந்தான். இடுப்பில் செருகியிருந்த வேப்பிலையை எடுக்கச் சொன்னார்கள். முழுக்கைச் சட்டை மாட்டினார்கள். கைக்கு மறைப்புக் கிடைத்தது, முகத்துக்கு என்ன செய்வது? முகப்பவுடர் டப்பா ஒன்று வந்தது. அதைப் பூச யாரும் முன்வரவில்லை. டீச்சர்தான் ஒவ்வொரு பிள்ளையின் மோவாயையும் பிடித்து நிமிர்த்தி, கொப்புளம் வலிக்காமல் விரல்நுனியால் பூசினார். என் தம்பி, “கூசுது டீச்சர்,” என்று நெளிந்தான். “அழகாயிட்டடா. பொண்ணு பாக்க வரப்போறாங்க, சும்மா இரு,” என்றார். அந்த வரிசையே சிரித்தது. காய்ச்சலோடு சிரித்தது.

நான் வரவேற்புரை ஆற்றினேன். நன்றாகவே ஆற்றினேன். பிறகு அதிகாரி வகுப்பு வகுப்பாகப் போனார். அவருடைய மாலையைச் சுமந்தபடி நான் பின்னால் சென்றேன். ‘பி’ பிரிவின் வாசலுக்கு வந்ததும் அவர் கால் நின்றது. பவுடரையும் மீறித் தெரிய வேண்டியதெல்லாம் தெரிந்தது. பின்வரிசையில் ஒருவன் முதுகைச் சுவரில் தேய்த்துக்கொண்டிருந்தான். அதிகாரி கைக்குட்டையை எடுத்து மூக்கை மூடினார். படியைத் தாண்டவில்லை. வாசலில் நின்றபடியே விரலை நீட்டி, வரிசை வரிசையாக எண்ணினார்.

“சரியா இருக்கு,” என்றார், கைக்குட்டைக்குள்ளிருந்து. “ஜன்னலத் தொறந்து வைங்க.”

அவருக்குத் தெரியும், வாசகரே. தெரிந்ததால்தான் அவர் உள்ளே போகவில்லை. தம்மைக் காத்துக்கொள்ளத் தெரிந்த அளவுக்கு அவருக்கு அந்த நோய் தெரிந்திருந்தது. உள்ளே நின்றிருந்தது டீச்சர் ஒருவர்தான்.

இரண்டு வாரம் கழித்து ஒரு நாள் டீச்சர் பாடத்தின் நடுவில் கரும்பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றார். மறுநாள் வரவில்லை. பெரியவர்களுக்கு வந்தால் அம்மை கடுமையாக இருக்கும். அரியலூரில் வீட்டுக்காரர், தம் வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று சொல்லி அறையைக் காலி செய்யச் சொன்னாராம். அந்தக் காய்ச்சலோடு, முகத்தை முக்காட்டால் மூடிக்கொண்டு, பெரம்பலூரில் பஸ் மாறி ஊருக்குப் போனார் என்று அவரோடு வழக்கமாக வரும் தையல் டீச்சர் சொன்னார். எங்கள் பிள்ளைகளோ தேறிவிட்டார்கள். என் தம்பி மரத்தில் ஏறத் தொடங்கிவிட்டான்.

அவர் படுத்திருந்த நாட்களில் கல்வி அலுவலகத்திலிருந்து ஆய்வின் முடிவு வந்தது. ‘பி’ பிரிவு நிலைக்கும், அதற்கான பணியிடமும் உண்டு. பியூன் எல்லா வகுப்பிலும் வந்து சொல்லிப்போனார். நாங்கள் கைதட்டினோம். டீச்சருக்காகத்தான் தட்டினோம்.

பங்குனிக் கடைசியில் டீச்சர் திரும்பி வந்தார். முகமெங்கும் தழும்பு, முடியில் பாதி இல்லை. கையில் பெரம்பலூர் அரசு ஆஸ்பத்திரி டாக்டர் கொடுத்த சான்று. நோய் முற்றிலும் நீங்கியது, வேலைக்குப் போகலாம் என்று அதில் இருந்ததை டீச்சரே படித்துக் காட்டினார். கேட்டைத் திறக்காமல் தலைமையாசிரியர் பேசினார். நாங்கள் விளையாட்டு வேளையில் அங்கேயே நின்றிருந்தோம்.

“பேரண்ட்ஸ் ஒத்துக்க மாட்டேங்கறாங்க டீச்சர். பிள்ளைங்க இருக்கற எடம். தொற்று வியாதி. விதின்னு ஒண்ணு இருக்குல்ல?”

“பொருக்கெல்லாம் உதிந்துடுச்சு சார். தண்ணியும் ஊத்தியாச்சு.”

“நீங்க இன்னும் அப்ரூவல் ஆகாதவங்க. தாளாளரு வேற ஏற்பாடு பண்ணிட்டாரு.”

டீச்சர் அவரைத் திட்டவில்லை. கூட்டத்தில் என் தம்பியைப் பார்த்து, “ஒனக்குத் தழும்பு விழலல்ல?” என்று மட்டும் கேட்டார். அவன் இல்லை என்று தலையாட்டினான். அவர் சாலைக்குப் போய் அரியலூர் பஸ்ஸுக்கு நின்றார்.

அந்த ‘வேற ஏற்பாடு’ திங்கட்கிழமை காரில் வந்து இறங்கியது. தாளாளரின் தம்பி மருமகள். காலை வணக்கத்தில் தலைமையாசிரியர் என்னை அழைத்தார். புதிய கணக்கு ஆசிரியைக்கு வரவேற்புரை.

ஏறினேன். பள்ளி முழுவதும் வெயிலில் வரிசையாக நின்றது. பேச்சுப் பயிற்சியில் எனக்குச் சொல்லித்தந்த முதல் பாடம், முதல் வாக்கியத்தை யோசித்து வைத்துக்கொள்ள வேண்டும் என்பது. அன்று என்னிடம் எந்த வாக்கியமும் இல்லை. குரல் மட்டும் இருந்தது. அதை முழுவதுமாக உயர்த்திச் சொன்னேன்:

“பெரியோர்களே, இந்த ‘பி’ பிரிவை நிலைக்கவைத்தவர் இங்கே இல்லை. அம்மை போட்ட பிள்ளைகளை இங்கே கூட்டிவரச் சொன்னவர்கள் எல்லோரும் இருக்கிறார்கள். அவர் மட்டும் இல்லை. ஆகவே இன்று நான் யாரையும் வரவேற்கவில்லை. இனி எந்த ஊரில், எந்த மேடையில், எந்தத் தலைப்பில் என்னைப் பேசச் சொன்னாலும், அவருக்கு இங்கே என்ன செய்தார்கள் என்பதைச் சொல்லாமல் நான் என் பேச்சைத் தொடங்கமாட்டேன்.”