அடி கண்ட கிணறு

போன ஆவணியில் எங்கள் கிணற்றுக்குள் ஒரு பூனை விழுந்து செத்தது. விடியக் காலையில் எட்டிப் பார்த்தபோது மிதந்தது.

யாழ்ப்பாணத்துத் தீவொன்றில், நாரந்தனையில், எங்கள் ஒழுங்கை வீடுகளுக்கெல்லாம் நல்ல தண்ணீர் என்றால் அந்த ஒரு கிணறுதான். பக்கத்து வீட்டுக்காரியின் கணவர் கடல் தொழிலுக்குப் போகிறவர். அவள் காலையும் மாலையும் வாளியோடு வருவாள். அப்போது அவளுடைய பிள்ளைக்கு மூன்று மாதம். பால் போதாமல் பால்மா கரைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள், எங்கள் தண்ணீரில்.

பூனையை எடுத்த பிறகு கிணற்றை இறைக்க வேண்டும். தீவில் அதற்கொரு முறை இருக்கிறது. மழைத் தண்ணீர் இலேசு, கடல் தண்ணீர் பாரம். நிலத்துக்குக் கீழே உப்பின் மேல் நல்ல தண்ணீர் மெல்லிசாக மிதக்கிறது. அதனால் வாளியால் கொஞ்சம் அள்ளி, ஊறவிட்டு, மறுநாள் மறுபடி அள்ளுவார்கள். ஏழு நாள், ஒரு கிழமை எடுக்கும். அடியைக் காண விடமாட்டார்கள், கண்டால் கீழிருக்கும் உப்பு மேலே ஏறிவிடும்.

"ரீச்சர், நானும் அவரும் வந்து அள்ளித் தாறம். மோட்டர் மட்டும் போடாதேங்கோ," என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

"செத்த பூனைத் தண்ணியைப் பிள்ளைக்குக் குடுக்கப் போறீரோ? மோட்டர் போட்டா இண்டைக்கே முடிஞ்சிடும்."

நான் உயர்தர வகுப்புக்கு இரசாயனம் படிப்பிக்கிறவள். எனக்குச் சொல்ல இவள் யார் என்ற நினைப்பும் இருந்தது. மறைக்க என்ன இருக்கிறது? தோட்டக்காரர் ஒருவரிடம் மோட்டரை இரவல் வாங்கினேன். மூன்று மணித்தியாலத்தில் வெள்ளைக் கல் அடி தெரிந்தது. பெருமையாகப் படம்கூட எடுத்தேன்.

மறுநாள் தண்ணீர் கண்ணாடிபோல ஊறியிருந்தது. நாக்கில் வைத்தேன். கரித்தது.

பயத்தில் புத்தி வேலை செய்யவில்லை. உப்பை இறைத்துவிட்டால் நல்லது வரும் என்று திரும்பவும் மோட்டரைப் போட்டேன். இன்னும் கரித்தது.

அந்த மாதமே வகுப்பில் எந்திரப்பி, அதாவது ஒழுங்கின்மை பற்றிய பாடம் வந்தது. கண்ணாடிக் குவளைத் தண்ணீரில் ஒரு சொட்டு மை விட்டுக் காட்டினேன். கலந்து கிடப்பதற்கு எண்ணி மாளாத வழிகள் உண்டு, பிரிந்து கிடப்பதற்கு மிகக் கொஞ்சம், அவ்வளவுதான் என்று வருடாவருடம் சொல்வதைத்தான் சொன்னேன். ஒரு பெண் கையை உயர்த்தினாள்.

"எவ்வளவு காலம் பொறுத்தா திரும்பப் பிரியும், ரீச்சர்?"

கரும்பலகைப் பக்கம் திரும்பி நின்று அழுதேன். பிள்ளைகள் பார்த்திருப்பார்கள்.

பவுசர் வண்டி கிழமைக்கு இரண்டு தரம் தண்ணீர் கொண்டு வரும் என்றார்கள். வராத நாட்கள்தான் கூடுதல். அந்த நாட்களில் அவள் என் கிணற்றில் அள்ளிக் கொதிக்க வைத்தாள்.

"கொதிக்க வைச்சா உப்புப் போகாது. கூடும்," என்றேன்.

"ஓம் ரீச்சர். வேற என்ன செய்யிறது?"

ஒரு சொல் ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் ஏசவேயில்லை.

மழைக்காலம் முழுக்க, விடிந்ததும் வாளியை இறக்கி ருசி பார்த்தேன். கோயில் பக்கம் போகாத நான் நேர்த்திகூட வைத்தேன். மார்கழியில் கொஞ்சம் குறைந்த மாதிரி இருந்தது. பங்குனியில் பழையபடி கரித்தது. இப்போதும் பார்க்கிறேன், விட முடியவில்லை.

இந்த ஆவணியில் பிள்ளைக்கு ஒன்றேகால் வயது. தாயின் இடுப்பிலிருந்து இறங்கி, தத்தித் தத்தி என் குசினிக்குள், அடுப்படிக்கே வந்தது. யாழ்ப்பாணத்தில் வாங்கி வந்த போத்தல் தண்ணீரைக் கோப்பையில் ஊற்றிக் கொடுத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டு, முகத்தைச் சுளித்து, நிலத்தில் துப்பியது.

தாய் சிரித்தாள். "குறை நினைக்காதேங்கோ ரீச்சர். பழக்கமில்லை, அவளுக்கு இது சப்பெண்டு இருக்கு."

பிறகு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய் என் கிணற்றில் அள்ளிக் கொடுத்தாள். பிள்ளை மடமடவென்று குடித்தது.