மெயினை அணைத்தாலும் நிற்காத மிஷின்

எங்கள் குடியிருப்போர் சங்கத்தின் பதினான்காவது விதி இது: ‘முதியோர், நோயாளிகள் வசதிக்காகப் பொது இடத்தில் சிறு வேலை செய்ய விரும்புவோர் செயலாளருக்கு எழுத்து மூலம் விண்ணப்பிக்க வேண்டும். பதினைந்து நாட்களுக்குள் பதில் வராவிட்டால் அனுமதி கிடைத்ததாகவே கொள்ளலாம்.’

இதில் புரியாத சொல் ஏதாவது இருக்கிறதா? உத்தியோக காலம் முழுக்க அரசாங்க விதிகளோடு குடித்தனம் நடத்தியவன் நான். இவ்வளவு தெளிவான விதியை அங்கேகூட அதிகம் பார்த்ததில்லை.

மந்தைவெளியில் லிஃப்ட் இல்லாத பழைய கட்டடம். நாங்கள் இருப்பது இரண்டாவது மாடி. தீபாவளி முடிந்த கையோடு என் மனைவி பிலோமினாவுக்கு இடுப்பு மூட்டை மாற்றி வைத்தார்கள். ஆபரேஷனில் ஒரு குறையும் இல்லை. ஆனால் எங்கள் மாடிப்படியில் ஒரு பக்கம்தான் கைப்பிடி. பிசியோதெரபி செய்ய வரும் பெண் படியைப் பார்த்தார். “சுவர்ப் பக்கமும் கம்பி போடுங்க அங்கிள். அதுவரைக்கும் ஆன்ட்டி படியில காலை வைக்கக் கூடாது.” அவ்வளவுதான், தீர்ப்பு முடிந்தது.

பிலோமினா எங்கள் பங்குக் கோயில் பாடற்குழுவில் பாடுகிறவள். கிறிஸ்துமஸ் பாட்டுப் பயிற்சி தொடங்கிவிட்டது. கோயில் நடந்து போகும் தூரம்தான் — படி இறங்க முடிந்தால்! செல்போனை ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டு வீட்டிலிருந்தே பாடிப் பார்த்தாள். அங்கே அவர்கள் பல்லவியை முடித்திருப்பார்கள். இவள் நடுவில் நிற்பாள். இரண்டு தடவை முயன்றுவிட்டு போனைக் கவிழ்த்து வைத்தாள்.

“கிறிஸ்துமஸுக்கு நான் கீழே இறங்கலைன்னா, உங்க பதினாலாவது விதியை ஃப்ரேம் போட்டு ஹால்ல மாட்டிக்குங்க” என்றாள்.

கம்பி தேவைப்படும் என்று எனக்கு முன்பே தோன்றியதால், விண்ணப்பத்தை ஆபரேஷனுக்கு முன்னாலேயே கொடுத்துவிட்டேன். ஒப்புகைக் கையெழுத்தும் வாங்கிக்கொண்டேன். கெடு முடிந்தது. பதில் இல்லை. தரைத்தளத்தில் குடியிருக்கும் செயலாளரைப் படியில் பார்த்தால் ஒரே பல்லவி — “கமிட்டியில வைக்கணும் சார்.” கமிட்டி எப்போது கூடும்? “கோரம் சேரணுமே சார், பாதிப் பேராவது வந்தாத்தானே கூட்டம்...”

எனக்குக் கோபம் எங்கே வந்தது தெரியுமா? மறுக்க விரும்பினால் மறுத்துவிட்டுப் போகலாமே. மறுப்புக்கு மேல்முறையீடு உண்டு. மௌனத்துக்கு எங்கே போய் மேல்முறையீடு செய்வது?

சரி, விதிப்படி அனுமதி கிடைத்துவிட்டது. ராயப்பேட்டை ரஃபி பாயைக் கூப்பிட்டேன். வெல்டிங், கார்ப்பென்டர் வேலை, எல்லாம் செய்வார். செய்வதைவிட இரண்டு பங்கு பேசுவார். கிண்டி எஸ்டேட்டில் ஸ்டீல் கம்பியை அளவாக வெட்டி வாங்கி வந்தார். கூடவே ஒரு பெட்டி. அதில் துப்பாக்கி மாதிரி, அடியில் பேட்டரி மாட்டிய ஒரு மிஷின்.

“இம்பாக்ட் டிரைவர் சார். வயரே கெடையாது. உள்ளாற ஒரு சுத்தி கீது. ஸ்க்ரூ டைட்டாக டைட்டாக அதுவே தட்டிக்கினு போவும். நம்ம கை முறுக்காது.”

சுவரில் ஓட்டை போட மட்டும் வழக்கமான டிரில்லிங் மிஷின். எங்கள் வீட்டு ப்ளக்கிலிருந்து வயர் இழுத்து, சத்தம் வரும் வேலைகளுக்கென்று சங்கம் அனுமதித்த காலை நேரத்தில்தான் தொடங்கினார். கடைசி ஓட்டையைப் போட்டு முடித்த நிமிடத்தில் மிஷின் நின்றது. உள்ளே, பிலோமினா படுத்திருந்த அறையில் ஃபேனும் நின்றது.

இந்த இடத்தில் எங்கள் கட்டடத்தின் ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். ஒரு வீட்டில் நடக்கும் வேலை செயலாளருக்குப் பிடிக்கவில்லை என்றால் மேலே வந்து பேச மாட்டார். கடிதமும் தர மாட்டார். வாட்ச்மேனிடம் கண்ணைக் காட்டுவார். வாட்ச்மேன் ஏழுமலை மீட்டர் போர்டில் அந்த வீட்டு மெயினை அணைத்துவிடுவார். மிஷின் நிற்கும். வீட்டுக்காரர் பதறிக் கீழே இறங்கி வருவார். கெஞ்சுவார். வருடக்கணக்காக இதுதான் நிர்வாகம்! எந்தச் சட்டத்தில், எந்தப் பிரிவில் இருக்கிறது இந்த அதிகாரம்?

நான் இறங்கவில்லை. “ரஃபி பாய், உங்க மிஷினை எடுங்க” என்றேன்.

டர்ர்ர்... டகடகடகடக! சத்தம் சும்மா சொல்லக் கூடாது. எனக்கே காது அடைத்தது. ஆனால் ஸ்க்ரூ ஒவ்வொன்றும் வெண்ணெயில் போவது போலச் சுவருக்குள் போயிற்று. உற்சாகத்தில் ஒன்றின் தலையையே முறித்துவிட்டார்.

“என்ன பாய் இது?”

“அது ஸ்க்ரூ சரியில்ல சார்.” அவர் வேலையில் எப்போதும் ஸ்க்ரூதான் சரியில்லாமல் போகும். முறிந்ததை விட்டுவிட்டுப் பக்கத்தில் வேறொன்று போட வைத்தேன்.

கீழே செயலாளரின் குரல். “ஏழுமலை, சரியா அணைச்சியா இல்லியா?”

“அணைச்சிட்டேன் சார்! ஆனா இன்னும் ஓடுதே...”

மெயின் அணைந்தும் மிஷின் ஓடினால் என்ன அர்த்தம்? பக்கத்து வீட்டிலிருந்து நான் கரன்ட் திருடுகிறேன் என்று அர்த்தம்! எதிர்வீட்டு மெயின் அணைந்தது. மிஷின் ஓடியது. முதல் மாடி அணைந்தது. மிஷின் ஓடியது. மிக்ஸி நின்று, டிவி நின்று, ஒவ்வொரு கதவாகத் திறந்து, கட்டடமே படிக்கட்டில் கூடிவிட்டது. கடைசியில் செயலாளர் தன் சொந்த வீட்டு மெயினையும் அணைக்கச் சொன்னார். கட்டடம் முழுக்கக் கரன்ட் இல்லை. ரஃபியின் மிஷின் மட்டும் டகடகவென்று தட்டிக்கொண்டிருந்தது.

மூச்சு வாங்க ஏறி வந்தார் செயலாளர். “எங்கேர்ந்து சார் கரன்ட் எடுக்கறேள்?”

ரஃபி பேட்டரியைக் கழற்றி அவர் முகத்துக்கு நேராக நீட்டினார். “இத்துலேர்ந்துதான் நைனா. இதுக்கும் உங்க போர்டுல ஒரு சுச்சு வெச்சுகீறியா?”

படிக்கட்டே சிரித்தது. செயலாளர் சிரிக்கவில்லை. “பொதுச் சுவர் சார் இது. பர்மிஷன் இல்லாம கைவெச்சிருக்கேள். இப்பவே கழட்டச் சொல்லுங்கோ.”

நான் பதினான்காவது விதியை ஒப்பித்தேன். அது வீட்டுக்குள் செய்யும் வேலைக்குத்தான் என்றார். ‘பொது இடத்தில்’ என்ற வார்த்தை வீட்டுக்குள் எப்படி வந்தது என்று கேட்டேன். அதைக் கமிட்டி முடிவு செய்யும் என்றார். எந்தக் கமிட்டி, கோரமே சேராத கமிட்டியா என்றேன். இரண்டு பேர் குரலும் ஏறிக்கொண்டே போயிற்று.

“சண்டை முடிஞ்சா சொல்லுங்க. நான் இறங்கணும்.”

திரும்பிப் பார்த்தால், வாசலில் வாக்கரோடு பிலோமினா. ஃபேன் இல்லாத அறையில் படுத்திருந்து முகமெல்லாம் வியர்வை. வாக்கரை என்னிடம் தள்ளிவிட்டு, ஒரு கை பழைய கைப்பிடியில், மறு கை புதுக் கம்பியில். கடைசி ஸ்க்ரூவும் ஏறி முடிந்திருந்த கம்பியை ரஃபி ஒருமுறை பலமாக உலுக்கிக் காட்டினார். “யானை தொங்கலாம்மா. தைரியமா வா.”

முதல் படி. நின்றாள். இரண்டாவது படி. அவளுக்குக் கீழே செயலாளர் நின்றிருந்தார். என்ன தோன்றியதோ, சட்டென்று கையை நீட்டினார்.

“கை வேண்டாம் சார். கம்பி போதும். கொஞ்சம் ஓரமா நில்லுங்க.”

அவர் ஒதுங்கினார். அத்தனை பேரும் ஒதுங்கினார்கள். அவள் தரைத்தளம் வரை போய், மீட்டர் போர்டு முன்னால் நின்று, “ஏழுமலை, எல்லா மெயினையும் போடுப்பா” என்றாள். அவர் செயலாளரின் கண்ணைப் பார்க்காமலே போட்டார்.

கிறிஸ்துமஸ் பூசையில் அவள் பாடினாள். பாட்டைப் பற்றி நான் சொல்லக் கூடாது, நான் பாரபட்சமானவன்.

ஆனால் விஷயத்தை விட்டுவிட முடியுமா? சங்கத்துக்கு எழுதினேன். ஒரே ஒரு கேள்வி: எந்த விதியின் கீழ் ஒரு நோயாளி வீட்டு மின்சாரம் நிறுத்தப்பட்டது? பொங்கல் போனது. நினைவூட்டல் அனுப்பினேன். மறுபடி மௌனம்.

பதில் ஒருவழியாக வந்தே விட்டது — தரைத்தளத்திலிருந்து இரண்டாம் மாடிக்கு, ஸ்பீடு போஸ்டில்! கையெழுத்துப் போட்டு வாங்கத்தான் வீட்டில் ஆள் இல்லை. தபால்காரர் போன் செய்தபோது நானும் பிலோமினாவும் தவக்காலத்தின் முதல் நாள் பூசை முடிந்து கோயில் வாசலில் இருந்தோம், நெற்றியில் சாம்பலோடு.

சங்கம் முதன்முதலாக எனக்கு எழுத்தில் பதில் தந்த தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள்: இந்த வருடத்துச் சாம்பல் புதன்.