இரண்டு ஊருக்கு ஒரு முத்திரை

நாட்டின் பாறைகளையும் புதைபடிவங்களையும் கொண்டாடும் தபால்தலை வரிசை வந்தபோது, எங்கள் சேகரிப்பாளர் மன்றமும் உள்ளூர்க் குன்று ஒன்றுக்குச் சிறப்பு உறை வெளியிட முடிவு செய்தது. உறைமேல் குத்தும் முத்திரைக்குக் குன்றை வரைய ஆள் தேவைப்பட்டது. நிலவியல் படித்திருந்ததால் வேலை எனக்கு வந்தது. எனக்கு அதுதான் முதல் வேலை.

1. எங்கிருந்து வரைந்தேன்

குடுமியான்மலையிலிருந்து பைக்கில் போகிற தூரத்தில் அந்தக் கிரானைட் குன்று. கிழக்கே கீழப்பட்டி, மேற்கே மேலப்பட்டி. வடகோடியில் ஓர் உருண்டைப் பாறை. கீழப்பட்டியிலிருந்து வரைந்தேன். அறிவியல் காரணம் ஏதுமில்லை. டீக்கடை அங்கேதான் இருந்தது.

2. சாவி

விழா மேலப்பட்டி மண்டபத்தில். காலையில் போனால் பூட்டியிருந்தது. ஊர்த்தலைவர் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, அழைப்பிதழில் இருந்த முத்திரைப் படத்தைக் காட்டினார்.

"ஏம்மா, எங்க ஊர்லேருந்து பாத்தா உருண்டப் பாறை எடது கைப் பக்கம். நீங்க வலது பக்கம் போட்டிருக்கீங்க. இது கீழப்பட்டிக்காரன் மல. அங்கிட்டே போயி நடத்திக்கங்க."

கீழப்பட்டியில் மண்டபம் கிடையாது. உறையை வெளியிட வேண்டிய அஞ்சல் அதிகாரியோ இங்கே வர ஏற்கெனவே புறப்பட்டுவிட்டார். மன்றச் செயலாளர் போன் வந்ததாகச் சொல்லி ஒதுங்கினார். அது அடித்ததாக எனக்குக் கேட்கவில்லை.

முன்னதாகவே வந்திருந்த அஞ்சல் ஊழியரிடம் முத்திரைக் கட்டையைக் கேட்டு வாங்கினேன். கட்டையில் எல்லாம் திருப்பித்தான் வெட்டியிருக்கும்; குத்தினால்தான் நேராகும். எதிர்ப்பக்கம் போய்ப் பார்த்தால் குன்றும் அப்படியே திரும்பித் தெரியும். கட்டையின் முகத்தைத் தலைவரிடம் நீட்டினேன். பாறை இடப்பக்கம் இருந்தது.

"எழுத்தெல்லாம் திரும்பிக் கெடக்கே?"

"எழுத்து கெடக்கட்டுங்க ஐயா. மலையப் பாருங்க."

பார்த்தார். பூட்டைத் திறந்தார்.

3. வெயில்

முத்திரை குத்திய முதல் உறைகளில் ஒன்று தலைவருக்குப் போனது. அதைப் பார்த்ததும் எழுந்து நேராக என்னிடம் வந்தார்.

"ஏமாத்திட்டீங்களே பாப்பா."

"உறையத் திருப்பி, பின்பக்கமா வெயிலுக்கு நேராப் பிடிச்சுப் பாருங்க ஐயா."

வாசலுக்குப் போனார். மெல்லிய தாள், மை பின்பக்கமும் தெரிந்தது. பாறை இடப்பக்கம் வந்திருந்தது. வெகுநேரம் பிடித்துக்கொண்டே நின்றுவிட்டு, கீழப்பட்டிக்காரர் ஒருவரைக் கூப்பிட்டார்.

"ஒங்க மல மையில தெரியுது. எங்க மல சூரியன்ல தெரியுது. வந்து பாத்துட்டுப் போ."

அதிகாரி பேச எழுந்தபோது மண்டபத்தில் பாதி நாற்காலிகள் காலி. மேலப்பட்டி மொத்தமும் வெளியே உறையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தது.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்குச் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது. குன்றை வரையும் முன் ஒரு முறை சுற்றி வாருங்கள். டீயை இரண்டு ஊரிலும் குடியுங்கள்.