கூலரில் இருந்த வெட்டிவேர்

ஈரமான வெட்டிவேரின் வாசனை, சித்திரை மாதத்து அனல்காற்றையும் அடக்கிக்கொண்டு அறைக்குள் வரும் அந்த மண்ணும் புல்லும் கலந்த வாசனை, எல்லோருக்கும் தூக்கத்தைக் கொண்டுவரும். எனக்கு மட்டும் காது மடல் சூடாகிவிடும். வெட்கத்தால்தான்.

டெல்லி சரோஜினி நகர் அரசாங்கக் குடியிருப்பில் கீழ்வீடு எங்களுடையது, மாடி வீடு குல்தீப் ஆன்ட்டியுடையது. அப்பாவின் வேலைக்காகத் திருநெல்வேலியிலிருந்து வந்த அம்மாவுக்கு இந்தி என்றால் "அச்சா"வும் "ஜல்தி"யும்தான். மற்றதற்கெல்லாம் எட்டு வயதான நான்தான் வாய். அந்தக் குடியிருப்பு முழுவதிலும் அம்மா போய் உட்கார்ந்துவிட்டு வரக்கூடிய வீடு ஆன்ட்டியின் வீடு ஒன்றுதான்.

அம்மாவின் வைத்தியத்தில் பாதி வெட்டிவேர். கண் எரிச்சலா, வேர் ஊறிய தண்ணீர். வேர்க்குருவா, பொடித்துக் குழைத்த பூச்சு. அப்பா ஆபீஸ் கவலையில் புரண்டு படுத்தால் தலையணை உறைக்குள் ஒரு பிடி. "மனசுச் சூட்டையும் இழுத்துரும்" என்பாள். ஊரிலிருந்து கொண்டுவந்த கட்டு முதல் கோடையிலேயே சக்கையாகிவிட்டது.

கோடை தொடங்கும்போது அங்கே கூலரில் தண்ணீர் சொட்டிக் காற்றைக் குளிரவைக்கும் பக்கத் தட்டிகளிலிருந்து பழைய "கஸ்" புல்லைப் பிடுங்கிப் போட்டுவிட்டுப் புதிதாக அடைப்பார்கள். ஆன்ட்டி படிக்கட்டுக்குக் கீழே எறிந்திருந்ததை அம்மா ஒருநாள் தண்ணீர் தெளித்து முகர்ந்து பார்த்தாள். சாட்சாத் வெட்டிவேர்! "மருந்தைப் போயி குப்பையில போடுதாளே, மகராசி!" என்று வாரிக்கொண்டு வந்து, வெந்நீரில் அலசி, வெயிலில் உலர்த்தி, துணியில் முடிந்து குடிதண்ணீர்ப் பானைக்குள் போட்டாள். ஒரு கோடை முழுவதும் தெருத் தூசியையும் பாசியையும் குடித்த புல் அது என்று அவளுக்கு எப்படித் தெரியும்? எங்கள் வீட்டில் அப்போது கூலரே கிடையாது.

ஒரு மத்தியானம் வெயிலில் வாடி வந்த ஆன்ட்டிக்கு அம்மா அந்தத் தண்ணீரைத்தான் கொடுத்தாள். கண்ணை மூடிக் குடித்த ஆன்ட்டி, "வாஹ், பஹன்ஜி! இஸ்மே கியா டாலா?" என்றாள். என்ன போட்டாய் என்று கேட்கிறாள் என்றேன். அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. "அவ வீட்டு வேருதான்னு சொல்லுட்டி."

உங்கள் கூலர் புல்தான் என்று நானும் பெருமையாகவே சொன்னேன்: "ஆப்கே கூலர் கா கஸ், ஆன்ட்டி!"

ஆன்ட்டி தம்ளரைக் கீழே வைத்தாள். முகம் ஒரு கணம் கோணியது. பிறகு துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டு மாடி ஏறும்வரை சிரித்தாள். கெட்ட எண்ணம் இல்லாத சிரிப்புதான். ஆனால் சாயங்காலத்துக்குள் அது பூங்காவுக்குப் போய்விட்டது. பிள்ளைகள் என்னைக் "கூலர் பானி" என்று கூப்பிட்டார்கள். "என்னட்டி சொல்லுதாவ?" என்று அம்மா கேட்டாள். கூலர் தண்ணீராம் என்றேன். அவள் உள்ளே போய்ப் பானையைக் கவிழ்த்தாள், தலையணை உறைகளை ஒவ்வொன்றாக உதறினாள். என் முகத்தைப் பார்க்கவேயில்லை. அவளை நினைத்தும் என்னை நினைத்தும் எனக்கு அவமானமாக இருந்தது.

அடுத்த கோடையில் ஆன்ட்டி புதுக் கஸ்ஸில் ஒரு கட்டைத் தனியே எடுத்து, கழுவி, நூல் சுற்றிக் கொண்டுவந்தாள். அம்மா கதவைப் பாதிதான் திறந்தாள். "வேண்டாம்னு சொல்லிருட்டி." சொன்னேன். அதற்குப் பிறகு அம்மா மாடிப்படி ஏறவில்லை.

இப்போது அந்த வீடுகளை இடித்துவிட்டார்கள். கூலர்களுக்குள் புல் போய்த் தேன்கூடு மாதிரியான காகித அட்டை வந்துவிட்டது, எங்களுக்கு ஏசி. ஆர்.கே.புரத்தில் என்னோடு இருக்கும் அம்மாவுக்குத் தூக்கம் குறைந்துவிட்டதால், வெட்டிவேர் வாங்கிவந்து ஊறவைத்துக் கொடுக்கிறேன். தம்ளரை வாயருகே கொண்டுபோய் ஒவ்வொரு முறையும் நிறுத்துகிறாள்.

"ஏட்டி, கடையில வாங்குனதுதான?"

"கடையிலதாம்மா."

அதன் பிறகுதான் குடிக்கிறாள்.