சென்சாருக்கு வைத்த பொட்டு

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷம் தள்ளிப்போட்டேன். சாமிக்குத் தெரிந்தால் போதாதா என்று இருந்தேன். மனசு இருக்கவிடவில்லை.

ஐ.டி.ஐ. முடித்து, கம்பெனிகளில் திருட்டு அலாரம் மாட்டுகிற வேலைக்கு வந்தவன் நான். குடும்பம் ஊத்தங்கரையில், நான் ஓசூரில் ஒற்றை ரூமில். நாள் முழுக்க ஏணி மேல் நின்று ஒயர் இழுப்பேன், பேச்சுத்துணை கிடையாது. ஒரு கம்பெனி வாட்ச்மேன் மட்டும் ஏணியடியில் டீயோடு வந்து நிற்பார். தேன்கனிக்கோட்டைப் பக்கத்து மனுஷர். வீட்டில் கன்னடம், என்னோடு தமிழ்.

ஆயுதபூஜை அன்று அங்கே எல்லா மெஷினுக்கும் பொட்டு வைத்தார்கள். என் சாமானை விடலாமா என்று ஏறி, ஸ்டோர் ரூம் சென்சாருக்குச் சந்தனத்தைக் குழைத்துப் பெரிதாக வைத்தேன். ஆள் நடமாட்டத்தைப் பார்க்கிற அதன் கண் மேலேயே.

“அதுக்கு நெத்தியே இல்லியே சார், கண்ணுல அப்புறீங்க?” என்றார் வாட்ச்மேன்.

“சாமி காரியத்துல கிண்டல் வேணாங்கண்ணா.”

லீவு முடிந்து திறந்தால் செம்புக் கம்பிச் சுருள்களைக் காணோம். அலாரம் அடிக்கவில்லை. அலாரத்தை நிறுத்துகிற சாவி வாட்ச்மேனிடம். சோதிக்க என்னைக் கூப்பிட்டார்கள். ஏறிப் பார்த்ததுமே புரிந்துவிட்டது. சந்தனம் காய்ந்து கண்ணை முழுசாக மூடியிருந்தது. கர்சீப்பால் துடைத்தேன்.

கீழே மேனேஜர் நடந்து பார்த்தார். மணி அடித்தது.

“சிஸ்டம் நல்லாத்தானே இருக்கு?”

“நல்லா இருக்கு சார்.”

வாட்ச்மேன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர்தான் அலாரத்தை நிறுத்தியிருக்கணும் என்று, அன்றைக்கே விசிலையும் யூனிபாரத்தையும் வாங்கிக்கொண்டு அவரை அனுப்பிவிட்டார்கள். அப்புறம் என் ஏணியடியில் யாரும் நிற்கவில்லை. தினமும் விளக்கேற்றினேன், கும்பிடக் கை எழவில்லை.

மறு வருஷம் பஸ் ஏறித் தேடிப்போனேன். கேழ்வரகுக் கொல்லையில் பரணில் உட்கார்ந்திருந்தார்.

“இப்ப யானைக்குக் காவல் சார். இங்க அலாரம் என் தொண்டைதான்” என்று சிரித்தார்.

சொல்லி அழுதேன்.

“அன்னிக்கே தெரியும். கர்சீப் மஞ்சளா இருந்துச்சே. நீங்களே சொல்வீங்கன்னுதான் பாத்துட்டே நின்னேன்.” பரணை விட்டு இறங்கி வந்து, “வேலை போனா போவுது சார். ஊர்ல திருடன்னு சொல்றாங்க. அத மட்டும் மாத்துங்க” என்றார்.

கம்பெனிக்குப் போனேன். அந்த மேனேஜர் மாறிப்போயிருந்தார். புதியவர், “பழைய கதை எதுக்குப்பா?” என்று எழுந்துவிட்டார்.

அதனால் உங்களிடம் சொல்கிறேன். யாரிடமாவது இதைச் சொன்னால், பக்தியில் தெரியாமல் செய்தான் என்று எனக்காக ஒரு வரி சேர்க்காதீர்கள். பொட்டு வைத்தது நான். துடைத்ததும் நான். அவர் திருடவில்லை. இதை மாற்றாமல் சொல்லுங்கள். தேன்கனிக்கோட்டைப் பக்கம் போனால் கொஞ்சம் உரக்கவே சொல்லுங்கள்.