மூன்று பேர் வாங்க வேண்டும்

காலை ஐந்து மணி நாற்பது நிமிடம். கண் விழித்ததும் முதலில் பார்த்தது ஒரு பூஜ்யம். போன் திரையில், 'விற்பனை' என்ற சொல்லுக்கு நேர் கீழே, சாம்பல் நிறத்தில் இருந்தது. முந்தின நாளும் அதே இடத்தில் அதே பூஜ்யம்தான் இருந்தது. ஆனால் அன்று கடைசி நாள். மாலைக்குள் மூன்று பேர் வாங்கியிருக்க வேண்டும். இல்லையென்றால் என் கணக்கை மூடிவிடுவார்கள்.

எதிர்வீட்டில் தண்ணீர் மோட்டார் போட்டார்கள். காரைக்கால் கோவில்பத்தில் எங்கள் தெரு அந்தச் சத்தத்தோடுதான் எழுந்திருக்கும். நான் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்தேன்.

பல ஆண்டுகள் ஒரு நாளிதழில் துணை ஆசிரியராக இருந்தேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் காரைக்காலில் நிருபர், பிறகு வெளியூரில் செய்திப் பிரதிகளைத் திருத்தும் மேசை வேலை. மாவட்டப் பதிப்பை நிறுத்தியபோது எங்களில் பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பினார்கள். நான் ஊருக்குத் திரும்பி, பிரான்ஸில் இருக்கும் அண்ணன் பூட்டி வைத்திருந்த வீட்டின் மாடியில் குடியேறினேன். கீழ் வீடு காலியாகவே இருக்கிறது. வேலை போனதும் சம்பளத்துக்கு முன்பே நின்றுபோனவை போன் அழைப்புகள்தான். அதற்கு முன்பெல்லாம் காலை ஏழு மணிக்குள், செய்தியில் பெயர் தவறாக வந்திருக்கிறது என்று யாராவது ஒருவர் கூப்பிட்டுத் திட்டுவார். அந்த ஒருவர் படித்திருக்கிறார் என்பது அதில் தெரியும். ஊருக்கு வந்த பிறகு என்னைத் திட்டவும் யாரும் இல்லை.

அஃபிலியேட் மார்க்கெட்டிங் எளிமையான ஏற்பாடு. ஒரு பொருளைப் பற்றி எழுதுகிறோம். அதை விற்கும் தளம் நமக்கென்று ஒரு தனி லிங்க் கொடுக்கிறது. படித்தவர் அந்த லிங்க்கை அழுத்தி உள்ளே போய் வாங்கினால் நமக்குக் கமிஷன். புதிதாகச் சேர்பவர்களுக்கு ஒரு நிபந்தனை உண்டு: குறிப்பிட்ட காலத்துக்குள் மூன்று விற்பனையாவது நடந்திருக்க வேண்டும். எழுதுவது என் தொழில்; மூன்று வாசகர்கள் பெரிய எண்ணிக்கை அல்ல. பொங்கல் கழிந்து நான் கணக்குத் தொடங்கினேன்.

முதல் மாதம் என் வலைப்பக்கத்தில் இருபதுக்கும் மேற்பட்ட பொருள்களைப் பற்றி எழுதினேன். மிக்ஸி, செருப்பு, தலையணை, எண்ணெய் இல்லாமல் பொரிக்கும் அடுப்பு. ஒன்றையும் நான் தொட்டுப் பார்த்ததில்லை. நிறுவனம் தந்த விவரத்தைப் படித்து அதைத் திருத்தமான தமிழில் எழுதினேன். மேசையில் எனக்கு அப்படி ஒரு பிரதி வந்திருந்தால் நிருபரைக் கூப்பிட்டு, நீ அந்த இடத்துக்குப் போனாயா என்று கேட்டிருப்பேன். எனக்கு வந்த ஒரே பின்னூட்டமும் அதைத்தான் கேட்டது: "நீங்க இந்த அடுப்புல சமைச்சிருக்கீங்களா?" பெயர் போடாத யாரோ. அன்றே எல்லாவற்றையும் அழித்தேன்.

இரண்டாவதாகச் செய்தது, லிங்க்கைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டது. சென்னை, புதுச்சேரி, பாரிஸ் என்று சிதறிக் கிடக்கும் உறவினர்கள் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்ததும் அதில்தான் ஒருவருக்கொருவர் நலம் விசாரிப்பார்கள். என் லிங்க்குக்குக் கீழே ஒருவரும் எதுவும் எழுதவில்லை. இரண்டு நாள் கழித்து இன்னொரு லிங்க் போட்டேன். சித்தப்பா மகள் மட்டும், "பேப்பர்ல தலைப்பு போட்ட கை, இப்ப தள்ளுபடி போடுதா" என்று எழுதிச் சிரிக்கும் முகம் ஒன்றை வைத்தாள். அன்று இரவு அண்ணன் கூப்பிட்டார்.

"பாப்பா, காசு வேணும்னா கேளேன். ஏன் எல்லாருக்கும் இப்படி அனுப்பிக்கிட்டிருக்கே?"

காசுக்காக இல்லை என்று சொன்னேன். பிறகு எதற்கு என்று அவர் கேட்கவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை குழுவில் யாரும் பேசவில்லை. அதற்கடுத்த வாரமும் இல்லை. வேறு குழு ஒன்று தொடங்கியிருப்பார்கள் என்று புரிந்துகொண்டேன். என் வலைப்பக்கத்திலிருந்து என் பெயரை எடுத்தேன்.

அதன் பிறகு ஒரே ஒரு பொருளை எடுத்துக்கொண்டேன். போனைக் கழுத்தில் மாட்டிக்கொள்ளும் தண்ணீர் புகாத உறை. மஞ்சள் விளிம்பு, மேலே ஒரு க்ளிப். நிருபராக இருந்த காலத்தில், கடலில் நனைந்து போன போன்களைப் பற்றி மீனவர்கள் புலம்பிக் கேட்டிருக்கிறேன். என் லிங்க் வழியாகவே ஒன்று வாங்கினேன். தன் லிங்க்கில் தானே வாங்குவது கணக்கில் சேராது என்று ஒரு மின்னஞ்சல் வந்தது. அதுவும் புதியவர்கள் செய்வதுதான். ஆனால் உறை கையில் இருந்தது. அரசலாறு கடலில் சேரும் இடத்துக்குப் போய் ஒரு கேனில் உப்புத் தண்ணீர் எடுத்து வந்து, பழைய போனை உறைக்குள் இட்டு, அந்தத் தண்ணீர் ஊற்றிய வாளியில் ஓர் இரவு முழுக்க அமிழ்த்தி வைத்தேன். காலையில் போன் உலர்ந்திருந்தது. இரண்டாம் இரவு உள்ளே தண்ணீர் புகுந்தது. ஏன் என்று கண்டுபிடிக்க இன்னும் சில இரவுகள் ஆயின. க்ளிப் இரண்டு முறை 'டக்' என்று ஒலிக்க வேண்டும். ஒரு முறை மட்டும் ஒலித்தால் பாதிதான் மூடியிருக்கிறது என்று பொருள்.

இதை எழுதினேன். இந்த லிங்க் வழியாக வாங்கினால் எழுதியவருக்குச் சிறு தொகை கிடைக்கும் என்பதை முதல் வரியிலேயே சொன்னேன். மீன்பிடித் தடைக்காலம் அது. ஆண்கள் கரையில் இருந்தார்கள். எனக்கு முன்பு பழக்கமான விசைப்படகு உரிமையாளர் ஒருவருக்குப் பக்கத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். அவரிடமிருந்து ஒரு கட்டைவிரல் வந்தது. அடுத்த சில நாள்களில் பக்கத்தைப் படித்தவர்கள் எண்ணிக்கை ஏறியது. லிங்க் அழுத்தப்பட்ட எண்ணிக்கை நான்கு. நான்கும் நான்தான், லிங்க் வேலை செய்கிறதா என்று பார்ப்பதற்காக அழுத்தியவை.

அந்தக் கடைசி நாள் காலையில் மீன் வாங்கத் துறைமுகத்துக்குப் போனேன். தடைக்காலம் முடிந்து படகுகள் போய் வரத் தொடங்கியிருந்தன. மீன் விற்கும் பெண்ணுக்கு அரைக் கிலோவுக்குக் கீழே நிறுப்பது பிடிக்காது. "ஒரு ஆளுக்கு எவ்வளவுதான் குடுக்கறது" என்று முணுமுணுத்துக்கொண்டே சங்கராவை வெட்டினார். நான் சும்மா நின்று, பெட்டி இறக்கிக்கொண்டிருந்தவர்களைப் பார்த்தேன்.

முதலில் ஒரு கழுத்தில் மஞ்சள் விளிம்பு. பிறகு அதே படகில் இன்னொன்று. பக்கத்துப் படகில் ஐஸ் உடைத்துக்கொண்டிருந்தவர் மார்பில் ஒன்று. மீனை மறந்துவிட்டு அவரிடம் போனேன். எங்கே வாங்கினீர்கள் என்று கேட்டேன்.

"ரீசார்ஜ் கடையிலதாங்க. நீங்களும் ஒண்ணு வாங்கி மாட்டிக்குங்கக்கா, வண்டியில போறப்ப மழை பேஞ்சா போன் நனையாது. உப்புத் தண்ணியில ராவெல்லாம் ஊறப்போட்டுப் பாத்திருக்காங்க. கடையில எழுதி ஒட்டியிருக்கு."

"யாரு ஊறப்போட்டது?"

"கம்பெனிக்காரன்தான். வேற எவனுக்கு வேலை இல்ல, வாளிக்குப் பக்கத்துல உக்காந்திருக்க?"

பெட்டி தூக்கி வந்தவர் நிற்காமலேயே சொன்னார்: "இவரு படிச்சாராம். எழுத்துக் கூட்டி முடிக்கறதுக்குள்ள சீசனே முடிஞ்சிடும்."

அந்தக் கடை துறைமுகச் சாலையில் இருக்கிறது. ரீசார்ஜ், ஜெராக்ஸ், பாஸ்போர்ட் அளவுப் படம். பக்கச் சுவரில், பிளாஸ்டிக் உறைக்குள், என் கட்டுரை. ஒரு பத்தியும் குறையாமல் அச்செடுத்து ஒட்டியிருந்தது. க்ளிப் பற்றிய வரிக்குச் சிவப்பு மையில் அடிக்கோடு. கடைசியில் என் லிங்க், நீல நிறத்தில், கோடு போட்டு, தாளில். அதன் மேல் விரலை வைத்துப் பார்த்தேன்.

கடைக்காரர் முப்பது வயதுக்காரர். யார் ஒட்டியது என்று கேட்டதும் உற்சாகமாகப் பேசினார். அந்தப் பகுதியில் ஆன்லைனில் யாருக்கு எது வேண்டுமானாலும் அவர்தான் தன் கணக்கில், தன் போனிலிருந்து ஆர்டர் போடுவார். பார்சல் வரும்போது வாங்க வேண்டியவர் கடலில் இருப்பார். ஓடிபி கேட்டால் அங்கே சிக்னல் இருக்காது. அதனால் எல்லாப் பார்சலும் கடைக்கு வரும். கரைக்கு வந்ததும் அவரவர் எடுத்துக்கொள்வார்கள். உறை பற்றிய அந்தப் பக்கம் வாட்ஸ்அப்பில் வந்தபோது பத்துப் பேர் ஒரே நேரத்தில் வந்து விளக்கம் கேட்டார்கள். சொல்லிச் சொல்லி வாய் வலித்ததால் அச்செடுத்து ஒட்டினாராம். பொருளின் பெயரைத் தளத்தில் தேடி, மொத்தமாக ஆர்டர் போட்டாராம்.

"இதை எழுதுனது நான்தான்" என்றேன்.

அவர் சுவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "பேரே இல்லையேக்கா."

முதல் வரியைக் காட்டினேன், சிறு தொகை பற்றிய வரி.

"அது எல்லாத்துலயும் கம்பெனி போடற வரின்னுல்ல நெனச்சேன். லிங்க்கக்கூட ஒரு எழுத்து விடாம அடிச்சிருக்கேன் பாருங்க." பிறகு குரல் தணிந்தது. "ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அதுலயே போட்டிருப்பேனேக்கா."

அன்று மாலைக்குள் மூன்று வேண்டும் என்று சொன்னேன். அவர் உடனே போனை எடுத்தார். இனி யாருக்குத் தேவை என்று விரல் மடக்கி யோசித்தார். எல்லாப் படகுக்கும் வாங்கியாயிற்று. டி.ஆர்.பட்டினம் பக்கத்தில் யாராவது கேட்பார்கள், ஆனால் இன்றைக்குத் தெரியாது. கடைசியில், தானே மூன்று வாங்கிவிட்டுப் பிறகு திருப்பி அனுப்பிவிடலாமா என்று கேட்டார். திருப்பி அனுப்பினால் விற்பனை ரத்தாகிவிடும்; ரத்தாகாவிட்டாலும் அது எனக்கு வேண்டாம் என்றேன்.

"அப்ப உங்க பேரையாவது எழுதி விட்டுடறேங்க்கா" என்று சிவப்புப் பேனாவை எடுத்தார்.

ஒரு வாடிக்கையாளர் ஆதார் அட்டையோடு வந்து நின்றார். கடைக்காரர் பேனாவைக் காதில் செருகிக்கொண்டு ஜெராக்ஸ் எடுக்கப் போனார். எனக்குப் பின்னால் வந்த இரண்டு பேர் சுவருக்கு முன்னால் நின்றார்கள். ஒருவர் வாய்விட்டுப் படித்தார்; மற்றவர், கழுத்தில் இருந்த க்ளிப்பை அழுத்தி, ஒலியை எண்ணினார். இரண்டு.

மீனை வாங்காமலே வந்துவிட்டேன் என்பது வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தும்போதுதான் நினைவுக்கு வந்தது. பகலில் ரசம் வைத்தேன். நான்கு முறை விற்பனைப் பக்கத்தைத் திறந்து பார்த்தேன்.

கணக்கு மூடப்பட்டது என்ற மின்னஞ்சல் மாலை ஆறு மணி பத்து நிமிடத்துக்கு வந்தது. அது, பதில் அனுப்ப முடியாத முகவரியிலிருந்து வந்திருந்தது.