கோட்டை மலையில் கண்ட கரடி

புளியங்குளத்தில் மகளோடு பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது, ஒரு பெண் கூடை நிறையப் பாலைப்பழம் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள். அந்த மணம் மூக்கில் ஏறியதும் மகளை இழுத்துக்கொண்டு இரண்டடி தள்ளி நின்றேன்.

இதே மணத்துக்குள் ஒரு மலை ஏறியபோது எனக்கு ஒன்பது வயது. காட்டுக்குள் இருந்த மலையில் பழைய கோட்டையைக் காட்டுவதாகச் சொல்லி, சித்தப்பா என்னையும் அக்காவையும் கூட்டிப்போனார். ஏறிய வழியெல்லாம் பாலைப்பழம் கொட்டிக் கிடந்தது. உச்சியில் இடிந்த மதிலைத் தாண்டியதும், பத்தடி தூரத்தில் ஒரு கரடி பழம் தின்றுகொண்டிருந்தது. எங்களைக் கண்டு பின்னங்கால்களில் எழுந்து நின்றது.

திரும்பிப் பார்த்தேன். சித்தப்பாவைக் காணவில்லை. கீழே சருகுகளில் அவர் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது.

"அசையாதை," என்றாள் அக்கா. அவளுடைய பற்கள் அடித்துக்கொண்டன. என் பாவாடை நனைந்து காலில் ஒழுகியது. கரடி மோப்பம் பிடித்துவிட்டு, உறுமியபடி பற்றைக்குள் போனது.

அடிவாரத்தில் சித்தப்பா குந்தியிருந்து அழுதுகொண்டிருந்தார். மூவரும் வீட்டுக்கு நடந்தோம். அம்மாவைக் கண்டதும் அவரே சொன்னார்.

"அண்ணி, கரடியைக் கண்டு பிள்ளையளை விட்டிட்டு ஓடிப்போனனான்."

அம்மா எங்களை அணைத்தபடி அவரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஏனம்மா இப்பிடி வேர்க்குது?" என்று பஸ்ஸுக்குக் காத்து நின்ற என் மகள் கேட்டாள்.

"வெயில்," என்றேன்.